பிரேசில் கொட்டையை மாத்திரை மாதிரி எண்ணிக் கொடுக்காதீர்கள்

உணவு ஆலோசனை சொல்பவர்கள், உடல்நலக் குறிப்பு எழுதுபவர்கள், பிரேசில் கொட்டையைப் பொட்டலமிட்டு விற்பவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

"தைராய்டு சரியாக வேலை செய்ய தினமும் இரண்டு பிரேசில் கொட்டை சாப்பிடுங்கள்" என்று எழுதுகிறீர்கள். இன்னொருவர் மூன்று என்கிறார். வேறொருவர் நான்கைந்து சாப்பிட்டாலும் தப்பில்லை என்கிறார். முடி கொட்டுகிறதா, களைப்பா, நோய் எதிர்ப்புச் சக்தி குறைவா, எல்லாவற்றுக்கும் இதே கொட்டைதான் பதில். உணவுப் பொருள்களில் தாதுக்களை அளந்து சொல்லும் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவன் என்ற முறையில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்தக் கொட்டையின் எண்ணிக்கையை மருந்தின் அளவாகச் சொல்வதை நிறுத்துங்கள். தைராய்டுக்குத் தேவையான செலினியம் என்ற தாது ஒரு கொட்டைக்குள் எவ்வளவு இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அளந்து பார்த்தால் மட்டுமே தெரியும்.

இதைப் படித்துவிட்டு நான் இந்தக் கொட்டைக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு இதன் மேல் மரியாதை உண்டு, மரத்தின் மேலும்தான். அமேசான் காட்டில் 50 மீட்டர் வரை உயர்ந்து நிற்கும் மரம் இது. பூ பூத்துக் காய் முற்ற ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். காய் பீரங்கிக் குண்டு மாதிரி உருண்டையாக, கட்டை போன்ற ஓட்டோடு, 2 கிலோ வரை எடையில் இருக்கும். மழைக்காலத்தில் அத்தனை உயரத்திலிருந்து அது விழும்போது கீழே ஆள் நின்றால் உயிருக்கே ஆபத்து. அதை உடைத்தால் உள்ளே பத்திலிருந்து இருபத்தைந்து கொட்டைகள், ஒவ்வொன்றும் மூன்று பட்டை கொண்டதாக, ஆரஞ்சுச் சுளைபோல் வரிசையாக அடுக்கி வைத்தபடி இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனியாக இன்னொரு கடினமான ஓடு. பூவின் கெட்டியான மூடியைத் தள்ளித் திறக்கப் பெரிய உடல்கொண்ட காட்டுத் தேனீக்களால்தான் முடியும் என்பதால், காட்டை அழித்துத் தோப்பாகப் போட்டால் மரம் சரியாகக் காய்ப்பதில்லை. உலகச் சந்தைக்கு வரும் பிரேசில் கொட்டையில் பெரும்பகுதி இன்றும் பிரேசில், பொலிவியா, பெரு நாடுகளின் காட்டில் மனிதர்கள் நடந்து பொறுக்கி எடுத்து வந்ததுதான். இந்தக் கடைசி விஷயம் நாம் பேசப்போகும் விஷயத்துக்கு மிக முக்கியம். ஒரே உரம், ஒரே மண், ஒரே ரகம் என்று எதுவும் இங்கே கிடையாது.

உணவாகப் பார்த்தால் இதில் குறை சொல்ல அதிகம் இல்லை. 100 கிராம் பருப்பில் ஏறக்குறைய 67 கிராம் கொழுப்பு. அதில் நிறைவுற்ற கொழுப்பு 16 கிராம், ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு 24, பன்மை நிறைவுறாக் கொழுப்பும் 24. புரதம் 14 கிராம், நார்ச்சத்து 7.5 கிராம், மெக்னீசியம் 376 மில்லிகிராம், பாஸ்பரஸ் 725 மில்லிகிராம், தாமிரம் 1.7 மில்லிகிராம். கூடவே துத்தநாகம், வைட்டமின் பி1, வைட்டமின் இ, ஸ்குவாலீன். 100 கிராமுக்கு 660 கலோரி. யாரும் ஒரே நாளில் 100 கிராம் சாப்பிடப்போவதில்லை, சாப்பிடவும் கூடாது. இரண்டு கொட்டையில் கிடைக்கும் மெக்னீசியம் 40 மில்லிகிராம்கூட வராது. ஆக, நீங்கள் இந்தக் கொட்டையைப் பரிந்துரைப்பது மெக்னீசியத்துக்காகவோ புரதத்துக்காகவோ இல்லை. செலினியத்துக்காகத்தான். சரி, செலினியத்தைப் பற்றியே பேசுவோம்.

நீங்கள் எல்லோரும் எடுத்தாளும் எண் அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணையில் இருக்கிறது. 100 கிராமுக்கு 1,917 மைக்ரோகிராம். ஒரு கொட்டை 5 கிராம் என்று வைத்துக்கொண்டால் கொட்டைக்கு 96 மைக்ரோகிராம். பெரியவர்களுக்கு அமெரிக்காவில் பரிந்துரைக்கப்படும் அளவு நாளொன்றுக்கு 55. இரண்டு கொட்டை தின்றால் போதும் போதும் என்று கிடைத்துவிடுகிறது, ஒரு நாளில் இதைத் தாண்டக் கூடாது என்று அங்கே வைத்திருக்கும் 400 என்கிற உச்சவரம்புக்கும் கீழே நிற்கிறது. உங்கள் ஆலோசனை இந்தக் கணக்கிலிருந்துதான் பிறக்கிறது. கணக்கில் பிழை இல்லை. ஆனால் 1,917 என்பது ஒரு சராசரி. அந்தச் சராசரிக்கு இரண்டு பக்கமும் எவ்வளவு தூரம் விலகல் இருக்கிறது என்பதை அட்டவணையின் அந்த ஒற்றை எண் காட்டுவதில்லை.

1995இல் வெளியான ஓர் ஆய்வில் பிரேசிலின் இரண்டு பகுதிகளிலிருந்து வந்த கொட்டைகளை அளந்தார்கள். மேற்கே ஆக்ரே, ரொண்டோனியா பகுதியின் கொட்டைகளில் கிராமுக்குச் சராசரியாக 3 மைக்ரோகிராம் செலினியம். மனாவ்ஸிலிருந்து பெலேம் வரைக்குமான பகுதியின் கொட்டைகளில் சராசரி 36. பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். அதைவிடப் பெரிய விஷயம், ஒரே பகுதிக்குள் இருந்த இடைவெளி. மனாவ்ஸ், பெலேம் கொட்டைகளில் மிகக் குறைந்தது கிராமுக்கு 1.25, மிக அதிகம் 512. இதையே 5 கிராம் கொட்டைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆக்ரே பகுதியின் சராசரிக் கொட்டையில் 15 மைக்ரோகிராம். மனாவ்ஸ் பக்கத்துச் சராசரிக் கொட்டையில் 180. அந்த உச்சத்தில் இருந்த கொட்டையில் 2,560. ஒரே ஒரு கொட்டை, அமெரிக்க உச்சவரம்பைப்போல ஆறு மடங்கு.

மனிதர்களை வைத்துச் செய்த ஆய்வுகளிலும் இதே கதைதான். நியூசிலாந்தின் மண்ணில் செலினியம் குறைவு. அங்கே 2008இல் வெளியான ஆய்வில், தினம் இரண்டு பிரேசில் கொட்டை வீதம் 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 100 மைக்ரோகிராம் செலினியம் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு இணையாக ரத்தத்தில் செலினியம் உயர்ந்தது. உங்கள் "இரண்டு கொட்டை" ஆலோசனைக்குப் பெரும்பாலும் இந்த ஆய்வுதான் ஆதாரமாகக் காட்டப்படுகிறது. நல்ல ஆய்வு, மறுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு கொட்டையில் இருந்தது சுமார் 53 மைக்ரோகிராம் மட்டுமே. அதே சமயம் பிரேசிலில், மறதி தொடங்கியிருந்த முதியவர்களுக்குத் தினம் ஒரே ஒரு கொட்டை வீதம் ஆறு மாதம் கொடுத்த ஓர் ஆய்வில், அந்த ஒற்றைக் கொட்டையில் இருந்தது சுமார் 289 மைக்ரோகிராம். அங்கே இரண்டில் 53, இங்கே ஒன்றில் 289. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "தினம் இரண்டு" என்று எப்படி உங்களால் எழுத முடிகிறது? இரண்டாவது வகைக் கொட்டை ஒருவர் கைக்கு வந்து, அவர் உங்கள் பேச்சைக் கேட்டு இரண்டு தின்றால் நாளொன்றுக்கு 578. நான்கு தின்றால் ஆயிரத்தைத் தாண்டுகிறது.

ஏன் இப்படி என்று கேட்டால், அதற்கு மண்ணும் வேரும்தான் பதில். தனிம அட்டவணையில் கந்தகத்துக்கு நேர் கீழே இருப்பது செலினியம். வேதியியல் குணத்தில் இரண்டும் அவ்வளவு நெருக்கம். கந்தகத்தை உறிஞ்சவென்று வேரில் இருக்கும் வழிகளிலேயே செலினியமும் உள்ளே ஏறிவிடுகிறது. உள்ளே போனபின் கந்தகம் இருக்க வேண்டிய இடத்தில் அமர்ந்து, புரதத்தின் கட்டுமானப் பொருளான அமினோ அமிலமாகிறது. மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தில் கந்தகத்துக்குப் பதில் செலினியம் வந்தால் அது செலினோமெத்தியோனின். பிரேசில் கொட்டையின் சேமிப்புப் புரதங்களில் ஒன்று, கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் அசாதாரணமாக நிறைந்த ஒன்று. அதன் அமினோ அமிலங்களில் மெத்தியோனின் மட்டுமே 18 சதவீதம். அதாவது, செலினியம் வந்து உட்கார இந்தக் கொட்டைக்குள் ஏராளமாக இடம் இருக்கிறது. மண்ணில் எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவு ஏறும். மண்ணின் அமிலத்தன்மையும், அதிலுள்ள இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் செலினியத்தை எவ்வளவு இறுக்கிப் பிடித்துவைத்திருக்கின்றன என்பதும் ஏறும் அளவை மாற்றுகின்றன. ஆற்றோர வண்டல் மண்ணில் நிற்கும் மரத்துக்கும் மேட்டு மண்ணில் நிற்கும் மரத்துக்கும் ஒரே அளவு கிடைக்க வாய்ப்பே இல்லை. பல காடுகளில் பொறுக்கியதைத் தொழிற்கூடத்தில் கலந்து, அளவு பார்த்துப் பிரித்து, பொட்டலம் கட்டுகிறார்கள். பெரியது, நடுத்தரம், சிறியது என்று பிரிக்கிறார்களே தவிர, செலினியத்தை வைத்து யாரும் பிரிப்பதில்லை.

ஆய்வுக்கூட மேசையில் இது எப்படி இருக்கும் என்பதைச் சொல்கிறேன். ஓடு நீக்கிய பருப்பைக் கத்தியால் குறுக்கே வெட்டினால் வெண்மையாக, மெழுகைச் சீவியதுபோல் வழவழப்பாக இருக்கும். வெட்டிய இடத்தில் கொஞ்ச நேரத்தில் எண்ணெய் பூத்து நிற்கும். அப்படியே அரவையில் போட்டால் பொடியாகாது, பசையாகி இயந்திரத்தின் ஓரங்களில் ஒட்டிக்கொள்ளும். அதனால் திரவ நைட்ரஜனில் உறைய வைத்து நொறுக்க வேண்டியிருக்கிறது. பிறகு நைட்ரிக் அமிலத்தில், மூடிய கலத்தில், சூடேற்றிக் கரைக்கிறோம். திறந்து வைத்து எரித்துச் சாம்பலாக்கினால் செலினியத்தில் ஒரு பகுதி ஆவியாகப் போய்விடும், குறைத்துக் காட்டிவிடும். இவ்வளவும் செய்து அளந்தால், ஒரே பொட்டலத்திலிருந்து எடுத்த பருப்புகளுக்குள்ளேயே அளவு ஏறி இறங்குகிறது. பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். நிறம், பருமன், ருசி, மணம் எதிலும் துப்பு கிடைக்காது. அதிகம் உள்ளதைத் தின்றவர் நாக்குக்கு அது தெரியாது.

"சராசரியாக ஓடிவிடும், ஒரு நாள் கூடினால் மறுநாள் குறையும்" என்று நீங்கள் பதில் சொல்லலாம். ஓரளவு நியாயம் இருக்கிறது. பல மரங்களின் கொட்டைகள் நன்றாகக் கலந்த பொட்டலமாக இருந்தால், வாரக்கணக்கில் பார்க்கும்போது ஏற்ற இறக்கம் சமன்படும். ஆனால் எந்தச் சராசரிக்குச் சமன்படும் என்பது அந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. கிராமுக்கு 36 உள்ள சரக்கைத் தொடர்ந்து வாங்குகிறவருக்கு அது 36ஐச் சுற்றித்தான் சமன்படும். அப்புறம், உடலிலும் இது மறுநாளே வெளியேறிவிடும் சரக்கு இல்லை. செலினோமெத்தியோனினையும் மெத்தியோனினையும் நம் உடலால் பிரித்துப் பார்க்க முடிவதில்லை. தசையில், ரத்தப் புரதத்தில், மெத்தியோனின் போக வேண்டிய இடத்தில் எல்லாம் இதையும் செருகிவிடுகிறது. இப்படித்தான் செலினியம் உடலில் சேர்கிறது. நிறுத்திய பிறகும் அந்தப் புரதங்கள் உடைய உடைய மெல்ல மெல்லத்தான் வெளியே வரும்.

இவ்வளவு சொன்னேன் என்பதற்காகச் செலினியத்தைப் பூதம்போல் காட்டவும் எனக்கு விருப்பமில்லை. 1957 வரை இது நச்சுப்பொருளாகத்தான் அறியப்பட்டிருந்தது. அந்த ஆண்டில்தான் இது விலங்குகளுக்குத் தேவையான சத்து என்று எலிகளில் காட்டினார்கள். 1973இல் குளூட்டாத்தியோன் பெராக்சிடேஸ் என்ற நொதியின் உள்ளேயே செலினியம் இருப்பது தெரியவந்தது. மனித மரபணுத் தொகுப்பில் செலினியம் கொண்ட புரதங்களுக்கான மரபணுக்கள் 25 இருக்கின்றன. தைராய்டு ஹார்மோனைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் நொதிகளும் இவற்றில் அடக்கம். எடைக்கு எடை பார்த்தால், உடலில் செலினியம் மிகுந்த உறுப்புகளில் தைராய்டு முன்னால் நிற்கிறது. சீனாவில் செலினியம் வறண்ட மண்ணுள்ள பகுதிகளில் குழந்தைகளையும் பெண்களையும் வாட்டிய கேஷான் என்ற இதயநோய், செலினியம் கொடுத்த பிறகு வெகுவாகக் குறைந்தது. குறைவு உள்ளவருக்கு இது வேண்டியதுதான். ஆனால் அந்த நொதிகளுக்குத் தேவையானது கிடைத்துவிட்டால் அதற்கு மேல் கொடுப்பதால் அவை கூடுதலாக வேலை செய்வதில்லை. தேவை நிறைந்ததும் பயன் நின்றுவிடுகிறது, சேர்வது மட்டும் தொடர்கிறது. உங்கள் குறிப்புகளில் முதல் பாதி விரிவாக இருக்கிறது. இரண்டாம் பாதியை நான் எங்கும் பார்க்கவில்லை.

மிகையானால் என்ன ஆகும் என்பதும் நன்றாகத் தெரிந்த விஷயம். முடி கொட்டும். நகம் வெடித்து, வெள்ளைக் கோடு விழுந்து, சில சமயம் கழன்றே விழும். மூச்சில் பூண்டு வாடை வரும். களைப்பு, குமட்டல், வயிற்றுப்போக்கு, கை கால் மரத்துப்போதல். 2008இல் அமெரிக்காவில் ஒரு திரவச் சத்து மருந்தில் தயாரிப்புப் பிழையால், ஒரு வேளைக்கு 200 மைக்ரோகிராம் இருக்க வேண்டிய இடத்தில் 40,800 இருந்துவிட்டது. 201 பேர் பாதிக்கப்பட்டார்கள். அவர்களிடம் அதிகம் காணப்பட்டவை இதே அறிகுறிகள்தான். கொட்டையால் அவ்வளவு மிகையாக யாரும் போகமாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் அறிகுறி தொடங்க அவ்வளவு தேவையும் இல்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் பெரியவர்களுக்கான உச்சவரம்பை நாளொன்றுக்கு 255 மைக்ரோகிராம் என்று வகுத்தது. அந்த எண்ணுக்கு வர அவர்கள் அடிப்படையாகக் கொண்டது எதை என்று நினைக்கிறீர்கள்? முடி உதிர்வை. தினம் 200 மைக்ரோகிராம் செலினியம் மாத்திரை சாப்பிட்டு, உணவிலிருந்தும் பெற்று, மொத்தம் 330 அளவில் இருந்தவர்களிடம் முடி உதிர்வு கூடியிருந்ததைக் கணக்கில் எடுத்தார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தவருக்கும் முடி கொட்டும், களைப்பு வரும், நகம் உடையும். அவர் உங்கள் குறிப்பைப் படித்துக் கொட்டை தின்னத் தொடங்குகிறார். செலினியம் மிகுந்த சரக்கு அவருக்கு வாய்க்கிறது. சில மாதத்தில் முடி இன்னும் கொட்டுகிறது. "தைராய்டு சரியாகவில்லை போலிருக்கிறது" என்று இன்னும் ஒரு கொட்டையைக் கூட்டுகிறார். நோயும் மிகையும் ஒரே முகத்தோடு வரும்போது, சாப்பிடுகிறவருக்கு எது எது என்று தெரிய வழியே இல்லை. என் அண்ணி இந்த வலையில்தான் சிக்கினார். ஒரு ஆலோசகர் எழுதிக் கொடுத்தபடி தினம் நான்கு கொட்டை, அதோடு செலினியமும் சேர்ந்த, பல சத்துகள் கலந்த மாத்திரை ஒன்று. வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று அந்த ஆலோசகர் கேட்கவேயில்லை. சீப்பில் கொத்தாக வந்த முடியை அண்ணி தாளில் மடித்து எடுத்து வந்து காட்டினார். கட்டைவிரல் நகத்தில் குறுக்கே வெள்ளைக் கோடு. ரத்தத்தில் செலினியம் பார்க்கச் சொன்னோம், இருக்க வேண்டியதைவிட நன்றாகவே கூடியிருந்தது. இரண்டையும் நிறுத்திய பிறகு முடி திரும்ப வளர்ந்தது, ஆனால் பொறுமையைச் சோதிக்கும் அளவுக்கு மெதுவாக. அந்த ஆலோசகர் கெட்டவர் இல்லை. கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்கவில்லை, அவ்வளவே.

"இயற்கை உணவு, மாத்திரை அளவுக்குத் தீங்கு செய்யாது" என்ற வாதத்தையும் கேட்டிருக்கிறேன். கொட்டையில் இருப்பதும் பல மாத்திரைகளில் இருப்பதும் ஒரே செலினோமெத்தியோனின். உடலுக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. நியூசிலாந்து ஆய்வு காட்டியதே அதைத்தான், கொட்டையின் செலினியம் மாத்திரையைப்போலவே நன்றாக உடலில் சேர்கிறது. அப்படியானால் மாத்திரையைப்போலவே அதை அளந்தும் கொடுக்க வேண்டாமா?

நியாயத்துக்காக எதிர்ப்பக்கத்தையும் வைக்கிறேன். பிரேசிலில் தபஜோஸ் ஆற்றங்கரையில் வாழும் மக்கள் இந்தக் கொட்டையையும் ஆற்று மீனையும் ஏராளமாகச் சாப்பிடுகிறார்கள். அவர்களுடைய ரத்தத்தில் செலினியம் மிக அதிகம், ஆனாலும் செலினிய நச்சின் தெளிவான அறிகுறிகள் தென்படவில்லை என்று ஆய்வாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். உச்சவரம்பைத் தாண்டிய அந்த நொடியே எல்லோருக்கும் நோய் வந்துவிடாது என்பதற்கு இது சான்று. ஆனால் அந்த மக்களின் உணவு வேறு, மீனோடு வரும் பாதரசம் வேறு, பழக்கம் வேறு. மருந்தும் சத்து மாத்திரையும் சேர்த்து விழுங்கும் ஒரு தைராய்டு நோயாளிக்கு அதைப் பாதுகாப்புச் சான்றாகக் காட்ட முடியாது.

கூடுதல் செலினியம் புற்றுநோயைத் தடுக்கும் என்று இன்னமும் எழுதுகிறீர்கள். அதைத் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். 35,000க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து 2001இல் தொடங்கிய செலக்ட் ஆய்வு, செலினியத்தால் புராஸ்டேட் புற்றுநோய் குறையவில்லை என்று கண்டு 2008இல் மருந்தை நிறுத்தியது. அதற்கு முந்தைய இன்னொரு நீண்ட ஆய்வின் தரவுகளைத் திரும்பப் பார்த்தபோது, தினம் 200 மைக்ரோகிராம் சாப்பிட்டவர்களிடம் இரண்டாம் வகை நீரிழிவு கூடியிருந்தது. ஏற்கெனவே செலினியம் போதுமான அளவு இருந்தவர்களிடம் அந்த வேறுபாடு பெரிதாக இருந்தது.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 1 முதல் 3 வயதுக் குழந்தைக்கு அமெரிக்க உச்சவரம்பு 90 மைக்ரோகிராம். அட்டவணையின் சராசரிக் கொட்டை ஒன்றே அதைத் தாண்டிவிடுகிறது. மூளை வளர்ச்சிக்கு என்று சொல்லிப் பிள்ளைகளுக்குத் தினம் ஒன்று கொடுக்கச் சொல்லும் குறிப்புகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. அதோடு ஒவ்வாமையும் இருக்கிறது. மெத்தியோனின் நிறைந்த சேமிப்புப் புரதம் என்று மேலே சொன்னேனே, அதுதான் இந்தக் கொட்டையின் முக்கிய ஒவ்வாமைப் பொருளும். சூட்டுக்கும் செரிமானத்துக்கும் எளிதில் உடையாது. கால்நடைத் தீவனத்தின் தரத்தைக் கூட்டுவதற்காக இந்தப் புரதத்தின் மரபணுவைச் சோயாவில் சேர்த்துப் பார்த்தார்கள். பிரேசில் கொட்டை ஒவ்வாமை உள்ளவர்களின் ரத்தத்தில் இருந்த எதிர்ப்பான்கள் அந்தச் சோயாவையும் அடையாளம் கண்டு பிடித்துக்கொண்டன. 1996இல் முடிவுகள் வெளிவந்தன, அந்தச் சோயா சந்தைக்கு வரவேயில்லை. இந்தக் கொட்டையால் வரும் ஒவ்வாமை மூச்சை அடைக்கும் அளவுக்குப் போகக்கூடியது. உங்கள் குறிப்பில் அதற்கு ஒரு வரி ஒதுக்குங்கள்.

கதிரியக்கம் பற்றி அடிக்கடி வரும் பயமுறுத்தலுக்கு நான் பெரிய இடம் தரமாட்டேன். இந்த மரம் பேரியம் என்ற உலோகத்தை நிறைய உறிஞ்சும், அதோடு வேதியியலில் அதன் உறவான, கதிரியக்கம் கொண்ட ரேடியமும் கொஞ்சம் ஏறிவிடும். மற்ற உணவுகளைவிட அதிகம்தான், ஆனால் உடலில் தங்குவது மிகக் குறைவு. பூஞ்சை நச்சு அதைவிடப் பெரிய விஷயம். காட்டில் ஈர நிலத்தில் கிடந்து, படகில் வந்து, காயத் தாமதமானால் அஃப்ளாடாக்சின் உண்டாகும். ஓட்டோடு வந்த பிரேசில் சரக்கில் இது கூடியிருந்ததால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் தனிக் கட்டுப்பாடு விதித்தது. மஞ்சளித்தது, சுருங்கியது, கசப்பது, காறல் வாடை அடிப்பது, இவற்றை வீசிவிடச் சொல்லுங்கள். மூன்றில் இரண்டு பங்கு எண்ணெய் இருக்கும் பருப்பு இது. வெளியே வைத்தால் சீக்கிரம் காறிப்போகும், குளிர்பெட்டியில் மூடி வைப்பதே நல்லது.

பொட்டலம் கட்டுகிறவர்களே, இனி சொல்வது உங்களுக்கு. "செலினியம் நிறைந்தது" என்று பெரிய எழுத்தில் அச்சிடுகிறீர்கள். பின்னால் இருக்கும் சத்து விவரத்தில் அட்டவணையிலிருந்து எடுத்த 1,917ஐயே போட்டுவிடுகிறீர்கள். உங்கள் சரக்கை அளந்தீர்களா? ஒவ்வொரு சரக்குக்கும் போதுமான எண்ணிக்கையில் பருப்பெடுத்துப் பரிசோதித்து, ஒரு பருப்புக்குச் சராசரி எத்தனை மைக்ரோகிராம், மிகக் குறைந்தது எவ்வளவு, மிக அதிகம் எவ்வளவு என்று அச்சிடுங்கள். எந்த நாடு என்பதோடு எந்தப் பகுதி என்பதையும் போடுங்கள், பொறுக்கிய பருவத்தையும் போடுங்கள். அஃப்ளாடாக்சினுக்காக எப்படியும் மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறீர்கள். அதே மாதிரியிலேயே செலினியத்தையும் பார்க்கச் சொல்வது பெரிய வேலையில்லை. அளக்காத சரக்கில் அந்த எண்ணையும் "செலினியம் நிறைந்தது" என்ற வரியையும் போடாதீர்கள். செலினியம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைத் தினமும் சாப்பிட வேண்டாம் என்ற எச்சரிக்கை, வாங்குபவர் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும்.

ஆலோசகர்களே, நீங்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. தைராய்டு நோயாளிக்குச் செலினியம் குறைவா இல்லையா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேளுங்கள். குறைவு இருந்து செலினியம் தேவைப்பட்டால், அளவு தெரிந்த மாத்திரையை மருத்துவர் கொடுக்கட்டும். மற்றவர்கள் இந்தக் கொட்டையை மற்ற கொட்டைகளோடு சேர்த்து, எப்போதாவது, ருசிக்காகச் சாப்பிடட்டும். தினசரிக் கடமையாக வேண்டாம். உங்கள் பேச்சைக் கேட்டு மாதக்கணக்கில் தினமும் சாப்பிட்டு வருகிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மறுபடியும் எழுதுங்கள். முடி கொட்டுகிறதா, நகத்தில் கோடு விழுந்திருக்கிறதா, வாயில் பூண்டு வாடை வருகிறதா என்று கேளுங்கள். ஒன்று இருந்தாலும் கொட்டையை நிறுத்திவிட்டு, வீட்டிலிருக்கும் எல்லாச் சத்து மாத்திரைகளின் பெயரையும் எழுதி எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். ரத்தத்தில் செலினியம் பார்க்க வேண்டும் என்று அவர்களே வாய்விட்டுக் கேட்க வேண்டியிருக்கும், ஏனென்றால் வழக்கமான தைராய்டு பரிசோதனையில் அது சேராது.

இப்படிக்கு,
உணவுப் பகுப்பாய்வுக் கூடத்தில் பணியாற்றும் ஒருவன்